உன் போனுக்குள்ளதானே என் காசு கெடக்கு?

புதுக்கோட்டை மாவட்டம் அறந்தாங்கியில் பஸ் ஏறி அரை மணி நேரம் உள்ளே வந்தால் எங்கள் ஊர். 2017 முதல் இங்கே இ-சேவை மையம் நடத்துகிறேன். தம்பி பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப், அப்பா தேங்காய் விற்ற காசில் ஒரு பிரிண்டர், கடன் வாங்கி ஒரு ரேகை மிஷின். வீட்டுத் திண்ணையைத் தடுத்து மேசை போட்டதும் கடை தயார். இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒரு தவற்றையும், அதைச் சரிசெய்யப் போய்க் கற்றுக்கொண்டதையும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் போல மையம் நடத்துகிறவர்களுக்கு இது உதவும். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு வெளியூரிலிருந்தே எல்லாம் செய்து கொடுக்கிற பிள்ளைகளுக்கும் உதவும்.

இந்த டிஜிட்டல் விஷயத்தில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. நான் கல்லூரியில் சேர்ந்தபோது வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் அப்பா எத்தனை தடவை அலைந்தார் என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். விஏஓ இருந்தால் ஆர்ஐ இருக்க மாட்டார். ஆர்ஐ கையெழுத்துப் போட்ட அன்று தாசில்தார் மீட்டிங் போயிருப்பார். அலைந்த ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போச்சு. இன்று அதே சான்றுக்கு என் திண்ணையில் 60 ரூபாய் கட்டணம். விண்ணப்பம் மேசைக்கு மேசை தானாகப் போகிறது, முடிந்ததும் என் பிரிண்டரில் சான்று வருகிறது. ஏழை வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று தினமும் கண்ணால் பார்க்கிறேன். அதனால்தான் நான் செய்த தவறு எனக்கு இவ்வளவு உறுத்துகிறது.

எந்த விண்ணப்பம் போட்டாலும் மொபைல் எண் கேட்கும். அந்த எண்ணுக்கு ஓடிபி வரும். வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் போன் கிடையாது. இருந்தாலும் மகனிடம் திருப்பூரில் இருக்கும், அல்லது ரீசார்ஜ் தீர்ந்து போயிருக்கும். வரிசையில் இருபது பேர் நிற்பார்கள். "சரி விடுங்க, என் நம்பரைப் போட்டுடறேன்" என்று என் எண்ணைப் போட்டுவிடுவேன். வேலை சட்டென்று முடியும். அவர்களுக்கும் சந்தோஷம், எனக்கும் நல்ல பெயர். வயதான சிலரைத் தாலுகா ஆபீஸில் இருக்கும் ஆதார் மையத்துக்கு நானே கூட்டிப்போய், ஆதாரிலும் என் எண்ணைக் கொடுத்து வந்தேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

2021 மே மாதம் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி போட ஆரம்பித்தபோது கோவின் தளத்தில் பதிந்தால்தான் ஊசி என்றார்கள். அப்போது ஒரு மொபைல் எண்ணில் 4 பேரைத்தான் பதிய முடிந்தது. என் எண் ஒரே நாளில் தீர்ந்தது. அம்மா எண், தம்பி எண், அத்தை மகன் எண் என்று கேட்டுக் கேட்டுப் போட்டேன். அந்த மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றமே இந்த டிஜிட்டல் பிளவைச் சுட்டிக்காட்டி, ஊர்ப்புறத்து ஆட்கள் எப்படிப் பதிவார்கள் என்று மத்திய அரசைக் கேட்டது. பிறகு நேரில் போனாலே போடலாம் என்று ஆனதும் எங்கள் ஊர்க்காரர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தே போய்ப் போட்டுக்கொண்டார்கள். எண் இல்லாதவர் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

2022-ல், விவசாயிகளுக்கு மத்திய அரசு கொடுக்கும் பி.எம். கிசான் பணத்துக்கு இ-கேஒய்சி, அதாவது ஆதாரை வைத்து ஆளைச் சரிபார்ப்பது, கட்டாயம் ஆனது. வருஷம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக 2,000, 2,000 என்று வரும் பணம். ஆதாரில் இருக்கும் எண்ணுக்கு ஓடிபி வர வேண்டும், இல்லையென்றால் கைரேகை வைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து எனக்கு டெங்கு. தஞ்சாவூரில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், போன் அணைந்து கிடந்தது. என் எண்ணை நம்பியிருந்தவர்கள் அறந்தாங்கி வரைக்கும் போய் வேறு மையத்தில் கேட்டிருக்கிறார்கள். "இந்த நம்பர் யாருடையது, அந்தப் போனைக் கொண்டாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ரேகை பதிந்தவர்களுக்கு வேலை முடிந்தது. ரேகை பதியாதவர்கள் திரும்பி வந்தார்கள்.

நான் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை மேலத்தெரு அப்பத்தா வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கணவர் இல்லை, மகன் சிங்கப்பூரில். முக்கால் ஏக்கர் நிலம். எனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார், முந்தானையில் முடிந்து வைத்திருந்த இரண்டு சாத்துக்குடியை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் தயங்கித் தயங்கி, "ஏத்தா, உன் போனுக்குள்ளதானே என் காசு கெடக்கு? கொஞ்சம் பார்த்து எடுத்துக் குடுத்தா ஆகாதா?" என்றார்.

எனக்கு வாயே எழவில்லை. ஐந்து வருஷமாக என் போனில் வந்த எண்ணைப் பார்த்துத்தான் அவருடைய எல்லா வேலையும் நடந்திருக்கிறது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அரசாங்கம் அவருக்கு நேராகப் பணம் அனுப்புகிறது, நடுவில் ஆள் இல்லை என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். நான் நல்லவளாக இருந்தது அவருடைய அதிர்ஷ்டம். வேறு ஒருத்தர் கையில் அந்த எண் இருந்திருந்தால்?

அன்று ராத்திரி உட்கார்ந்து என் பதிவேட்டைப் புரட்டி, என் எண் போட்டிருக்கும் ஆட்களைக் கணக்கெடுத்தேன். 112 பேர்.

அந்த 112-ஐக் குறைக்கும் வேலைதான் எனக்கு எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்தது.

முதலில் போன். ஓடிபி வருவதற்கு ஸ்மார்ட்போன் தேவையில்லை, பட்டன் போன் போதும். ஆனால் போன் வாங்குவதைவிட அந்த எண்ணை உயிரோடு வைத்திருப்பதுதான் கஷ்டம். ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் விட்டால் எண் பறிபோய், பிறகு வேறு யாருக்கோ போய்விடும். அப்புறம் நம்முடைய ஓடிபி ஊர் பேர் தெரியாத ஒருவருக்குப் போகும். முன்பெல்லாம் நெட் வேண்டாதவர்களும் நெட்டோடு சேர்த்துத்தான் ரீசார்ஜ் செய்ய வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டங்களைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. கடையில் அதைத் தானாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான்: அம்மாவின் ஆதாரில் உங்கள் எண்ணைப் போடாதீர்கள். அம்மாவுக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்து, அந்த எண்ணுக்கு நீங்கள் அங்கிருந்தே ரீசார்ஜ் செய்யுங்கள்.

ஆதாரில் மொபைல் எண்ணை மாற்ற முன்பெல்லாம் மையத்துக்குத்தான் போக வேண்டும். 2021 முதல் போஸ்ட்மேனே வீட்டுக்கு வந்து மாற்றிக் கொடுக்கிறார், இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியின் வேலை அது. நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீடுகளுக்கு இது பெரிய உதவி. எங்கள் போஸ்ட்மேனிடம் பேசினேன். தெருவில் ஐந்தாறு பேர் சேர்ந்தால் ஒரு நாள் ஒதுக்கி வருவதாகச் சொன்னார். அப்படி ஆரம்பித்ததுதான்.

அடுத்த சிக்கல் பெயர். இதை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பாஸ்புக்கில் பின்னால் இருக்கும், பட்டாவில் அப்பா பெயரோ கணவர் பெயரோ முழுசாக இருக்கும். தமிழில் மாரியம்மாள் ஒரே மாரியம்மாள்தான். இங்கிலீஷில் ஒரு இடத்தில் நடுவில் 'ஒய்' இருக்கும், ஒரு இடத்தில் இருக்காது. லட்சுமிக்கு எங்கள் ஊரிலேயே நாலு விதமான எழுத்து இருக்கிறது. கணினிக்கு அந்த நாலும் நாலு பேர். எழுத்துக்கூட்டிப் பதிந்தவர் யாரோ, தண்டனை இவர்களுக்கு. இப்போது எந்த விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்பும் ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபார்க்கிறேன். ஒத்துப் போகவில்லை என்றால் அன்றைக்கு விண்ணப்பம் போடுவதில்லை. முதலில் பெயரைத் திருத்துவோம் என்று சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஆனால் தள்ளுபடியான விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மாதம் அலைவதைவிட இது மேல்.

2023 செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஆரம்பித்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அந்த வாரம் திண்ணையில் ஒரே கேள்விதான்: "காசு ஏறிருச்சா?" பக்கத்துத் தெரு அக்கா ஒருவருக்கு மாதங்கள் போயும் ஏறவில்லை. அவர் வைத்திருந்த பாஸ்புக்கில் நாலு மாதமாக ஒன்றும் இல்லை. விண்ணப்பம் மட்டும் ஏற்கப்பட்டதாகவே காட்டுகிறது. ஆதார் வழியாக அனுப்பும் பணம், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தோமோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். மைஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று காட்டும். பார்த்தேன். எப்போதோ குழுக் கடனுக்காக வேறு வங்கியில் ஆரம்பித்து மறந்து போன கணக்கு! அந்தப் பாஸ்புக்கை அவர் வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து தேடி எடுத்தோம். 4,000 ரூபாய் அதில் பத்திரமாக இருந்தது. அவர் அழுதது பணம் கிடைத்ததற்காக மட்டும் இல்லை. நாலு மாதமாகத் தனக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை, தான் என்ன தப்புச் செய்தோம் என்று மருகிக்கொண்டிருந்திருக்கிறார். பணம் வரவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

ரேகை விஷயம் இன்னொரு வேதனை. நாற்று நட்டு, களை பறித்து, தேங்காய் மட்டை உரித்துத் தேய்ந்த விரல்கள். அப்பத்தாவின் கட்டைவிரலை மிஷினில் வைத்தால் திரையில் வெறும் மங்கல்தான் தெரியும். கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, விரலைத் தலைமுடியில் ஒரு தடவை தேய்த்துக்கொள்ளச் சொல்வேன். அந்த எண்ணெய்ப் பசையில் சில சமயம் விழும். பத்து விரலையும் பொறுமையாக முயன்று பார்க்க வேண்டும். யாருக்கு எந்த விரல் விழுகிறது என்று என் நோட்டில் ஒரு கட்டமே போட்டு வைத்திருக்கிறேன். அப்பத்தாவுக்கு இடது மோதிர விரல், அதுவும் காலை நேரத்தில் மட்டும். பென்ஷன்காரர்களின் உயிர்வாழ்வுச் சான்றுக்கு 2021 முதலும், பி.எம். கிசானுக்கு 2023 முதலும் முகத்தை வைத்தே சரிபார்க்கும் வசதி வந்திருக்கிறது. எதுவும் சரிவரவில்லை என்றால் மாற்று வழி கட்டாயம் இருக்க வேண்டும். நம் ரேஷன் கடைகளில், முடியாதவர்கள் வேறொருவரை அனுப்பிப் பொருள் வாங்க ஒரு படிவம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டத்தில் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டு வாசலுக்கே பொருளைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். முடியாதவரைத் தேடி மிஷின் வந்ததே, அதுதான் எனக்குப் பிடித்தது.

கஜா புயலை இங்கே சொல்லாமல் விட முடியாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை. அப்பாவின் தென்னந்தோப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. கரண்ட் கம்பங்களும் சாய்ந்துவிட்டன. எங்கள் ஊருக்கு 20 நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை, செல்போன் டவரும் வேலை செய்யவில்லை. நிவாரணக் கணக்கெடுப்புக்கு எல்லாருக்கும் ஆதார் நகல், பாஸ்புக் நகல் வேண்டும், என் பிரிண்டரோ ஊமையாகக் கிடந்தது. அன்று எங்களைக் காப்பாற்றியது பேப்பரும் பேனாவும்தான். அதன் பிறகுதான் நோட்டு ஒன்று போட்டேன். யார், என்ன விண்ணப்பம், எந்தத் தேதி, ஒப்புகை எண் என்ன, எல்லாம் கையால் எழுதிய நோட்டு. இன்வெர்ட்டர் வாங்கிய பிறகும் அதை நான் விடவில்லை.

பெண்களுக்குப் போனைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கும் யோசனை என் அம்மாவிடமிருந்து வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1991-ல் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் ஓட்டும் கம்பி வைத்த சைக்கிளிலேயே ஏறினார்கள். அந்தக் கம்பியில் துண்டைச் சுற்றி மூன்று வயது என்னை உட்கார வைத்து அம்மா சந்தைக்கு ஓட்டிப் போயிருக்கிறார். "எங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? பக்கத்து வீட்டுப் பொண்ணுதானே. ராத்திரி சோறாக்கி முடிச்சிட்டு அரிக்கேன் வெளக்குல உட்காருவோம். நீ பகல்ல கடையில வரிசையில நிக்க வச்சு சொன்னா யாருக்கு ஏறும்?" என்றார் அம்மா.

அம்மா சொன்னது முழுக்க உண்மை, முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியதும் பெண்களுக்குத்தான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் இணையத்தை ஒரு தடவையாவது பயன்படுத்திய பெண்கள் நூற்றுக்கு 33 பேர்தான், ஆண்கள் 57 பேர். இந்த இடைவெளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே வீட்டில் மகனிடம் போன் இருக்கும், அம்மாவிடம் இருக்காது. டவர் கட்டினால் மட்டும் இது மூடாது.

செவ்வாய், வெள்ளி ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் திண்ணையில் உட்கார ஆரம்பித்தோம். சுய உதவிக் குழுப் பெண்கள் ஏழெட்டுப் பேர். முதல் பாடமே ஒரு ரூபாய் அனுப்புவது. ஏடிஎம் கார்டு இல்லாதவர்களும் பல வங்கிகளில் ஆதார் ஓடிபியை வைத்தே யுபிஐ 'பின்' (ரகசிய எண்) போட்டுக்கொள்ளலாம். ஒரு அயித்தை, நாத்தனாருக்கு ஒரு ரூபாய் அனுப்பினார். பின் நம்பர் போடும்போது போனை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டார், நாங்கள் யாரும் பார்க்கக் கூடாது என்று. எதிரே இருந்த போன் 'டிங்' என்றதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "இதுக்கா இத்தனை நாளு இந்தப் பயகிட்ட கெஞ்சிக்கிட்டு நின்னேன்!" என்றார் அயித்தை. நாத்தனார் அந்த ஒரு ரூபாயைத் திருப்பி அனுப்பினார். அன்று ராத்திரி அந்த ஒரு ரூபாய் திண்ணையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

இரண்டாம் பாடம்: நமக்குப் பணம் வருவதற்கு 'பின்' நம்பர் தேவையே இல்லை. 'பின்' நம்பர் கேட்டால், ஸ்கேன் பண்ணச் சொன்னால், நம் காசு வெளியே போகிறது என்று அர்த்தம். இதை ஒவ்வொரு வகுப்பிலும் எல்லாரையும் வாய்விட்டுச் சொல்ல வைக்கிறேன். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. கீழத்தெரு அண்ணன் ஒருவர் 18,000 ரூபாய் இழந்துவிட்டு, வீட்டில் சொல்லப் பயந்து இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தார். ஒரு பைசா திரும்பவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்தான்.

தகவல் சொல்ல நான் வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்புவதில்லை. போன் இல்லாதவருக்குத்தான் அந்தத் தகவல் முதலில் போய்ச் சேர வேண்டும். புதுச்சேரிப் பக்கத்து ஊர்களில் 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அறிவு மையங்கள் நடத்தியது. கணினியில் பார்த்த அலை உயரத்தை மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். 2004 சுனாமி அன்று நல்லவாடு கிராமத்துக்கு, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரிக்க, அதே ஒலிபெருக்கியில் கத்தித்தான் ஊரையே வெளியேற்றினார்கள். கணினியும் போனும் எட்டாத காதுக்கு மைக் எட்டியது. எங்கள் மாரியம்மன் கோயில் மைக்கில் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு நிமிஷம் எனக்குக் கொடுக்கிறார்கள். எந்தத் தவணைக்கு எது கடைசித் தேதி, எதற்கு எந்தக் காகிதம், போஸ்ட்மேன் எந்தத் தெருவுக்கு வருகிறார் என்று வாசிப்பேன்.

மையம் நடத்துகிறவர்களுக்கு இன்னும் சில. பணம் எடுத்துக் கொடுக்கும்போது எவ்வளவு எடுத்தோம், மிச்சம் எவ்வளவு என்று சத்தமாகச் சொல்லி, சீட்டைக் கையில் கொடுங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் பேத்தி படித்துக் காட்டுவாள். ஆதார் ஸ்கேன்களை டவுன்லோடு போல்டரில் குவித்து வைக்காமல் சாயங்காலம் கடை அடைக்கும் முன் அழித்துவிடுங்கள். சர்வர் திணறும் நாளில் கூலிக்குப் போகிறவர்களைப் பகலெல்லாம் உட்கார வைக்க வேண்டாம். காலை ஆறு மணிக்கு வரச் சொன்னால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

அப்பத்தாவுக்கு அந்த நின்றுபோன தவணை பிறகு வந்து சேர்ந்தது. மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது சிவப்புப் பட்டன் போன் ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஆதாரில் இப்போது அவருடைய எண். ஓடிபி வந்தால் படிக்கத் தெரியாது. அதனால் போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்து என் கையில் கொடுப்பார், நான் எண்ணை வாசித்துப் பதிந்து முடித்ததும் கையை நீட்டி வாங்கிக்கொள்வார். போன மாதம் நான் பேச்சு சுவாரசியத்தில் கொடுக்க மறந்துவிட்டேன். "ஏத்தா, என் போனு" என்று கேட்டு வாங்கி, மடியில் செருகிக்கொண்டு போனார்.

112-ல் இன்னும் 9 பேர் பாக்கி. அதில் நாலு பேருக்குப் போன் வாங்கியாச்சு, வியாழக்கிழமை போஸ்ட்மேன் வருகிறார். மற்ற ஐந்து பேர் வீட்டில் பேச வேண்டும். மகன்களிடம்தான் பேச வேண்டும்.